வேட்டைக்காரர் எழுதிய துருவப் பயணம்

வடதுருவத்தைத் தேடிப் போனவர்கள் எழுதிவைத்த புத்தகங்கள் ஏராளம். கப்பல் தலைவர், மருத்துவர், மாலுமி என்று உயிரோடு திரும்பியவர்களில் பலரும் எழுதினார்கள். பதிப்பாளர்கள் காத்திருந்து வாங்கிப் போட்டார்கள். அந்தக் குவியலுக்குள் 1878இல் லண்டனிலிருந்து வந்த மெலிந்த நூல் ஒன்றும் கிடக்கிறது. ஆசிரியர் பெயர் ஹான்ஸ் ஹெண்ட்ரிக். அவருடைய சொந்த மக்களுக்கு அவர் சுயெர்சாக். கிரீன்லாந்தின் சீல் வேட்டைக்காரர், நாய்வண்டி ஓட்டுபவர், கூலிக்கு அமர்த்தப்பட்டவர். 1853க்கும் 1876க்கும் இடையே நான்கு துருவப் பயணங்களில் போயிருக்கிறார். எலிஷா கேன், ஐசக் ஹேய்ஸ், சார்லஸ் ஹால் என்ற மூன்று அமெரிக்கர்களோடும், பிறகு ஜார்ஜ் நேர்ஸின் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களோடும். கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவிலுள்ள அந்த நீர்வழியில் இந்தத் தலைவர்களில் ஒருவரும் நான்கு முறை போனதில்லை.

தலைவர்கள் எழுதிய நூல்களில் ஹான்ஸ் அடிக்கடி வருகிறார். கேன் அவரை அமர்த்திக்கொண்ட கணக்கு அப்படியே பதிவாகியிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன். காயாக்கும் எறியீட்டியும் அவன் கையில் சொன்னபடி கேட்கும். சொற்பச் சம்பளம் போக, அவன் தாயாருக்கு இரண்டு பீப்பாய் ரொட்டி, 52 பவுண்டு பன்றியிறைச்சி. பையனுக்கு ஒரு துப்பாக்கியும் புதிய காயாக்கும். ஊர் ஃபிஸ்கனேசெட், மேற்குக் கரையின் தென்பாதியில் மொரேவியச் சபையார் இருந்த இடம்.

1854 கோடையில் கேன் தன் ஆட்களில் ஒருவரான வில்லியம் மோர்ட்டனையும் சுயெர்சாக்கையும் வடக்கே அனுப்பினார். அங்கே பனியில்லாமல் அலையடிக்கும் நீரைக் கண்டதாக மோர்ட்டன் வந்து சொன்னார். கோடையில் பனி சற்று விலகிய நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். ஆனால் துருவத்தைச் சுற்றிப் பனியே இல்லாத கடல் இருக்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு அது சாட்சியாகிவிட்டது. அடுத்த பயணத்துக்குப் பணம் திரட்ட இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ஹேய்ஸ் தன் நூலுக்கே ‘திறந்த துருவக் கடல்’ என்று பெயர் வைத்தார். அப்படியொரு கடல் இல்லை.

ஹேய்ஸின் அதே நூல்தான் சுயெர்சாக்கின் பெயரைக் கெடுத்தது. 1860 டிசம்பரில், துருவ இரவின் நடுவே, வானியலாளர் ஆகஸ்ட் சொன்டாக் தெற்கே நாய்கள் வாங்கிவரப் புறப்பட்டார். கூடப் போனவர் சுயெர்சாக் ஒருவரே. வழியில் மெல்லிய பனி உடைந்து சொன்டாக் நீரில் விழுந்தார். நனைந்த உடையோடு குளிரில் விறைத்து இறந்தார். திரும்பி வந்த சுயெர்சாக்கின் வாக்குமூலத்தை ஹேய்ஸ் முழுதாக நம்பவில்லை. நம்பாததை அச்சிலும் ஏற்றினார். பிறகு பதினோரு ஆண்டுகள், மறுபக்கம் என்று ஒன்று அச்சில் இல்லை. சுயெர்சாக்கின் நூல் வந்த பிறகுதான் அந்த இரவைப் பற்றி இரண்டாவது சாட்சியம் கிடைத்தது. அதில் தற்காப்பு வாதம் எதையும் காணோம். விழுந்தார், இழுத்தேன், பனிக்குடில் கட்டினேன், காப்பாற்ற முடியவில்லை என்று நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் போகிறார். எங்களுக்கு அவர் சொல்வதில்தான் நம்பிக்கை பிறக்கிறது.

கூலிக்கு வந்த வேட்டைக்காரருக்கு எழுதத் தெரிந்திருந்தது எப்படி? அதற்கு 1721க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ஹான்ஸ் எகெடெ என்ற லூத்தரன் பாதிரியார், மனைவி கெர்த்ரூத் ராஸ்க்கோடும் நான்கு பிள்ளைகளோடும் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கினார். வட நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் ஊழியம் செய்தவர். அவர் தேடி வந்தது இனுவிட் மக்களை அல்ல. நடுக்காலத்தில் அங்கே குடியேறி, பதினைந்தாம் நூற்றாண்டோடு தொடர்பறுந்துபோன ஸ்காண்டிநேவிய வடநாட்டவரின் வம்சத்தை. அவர்கள் இன்னும் கத்தோலிக்கர்களாகவே இருப்பார்கள், போய் லூத்தரின் வழிக்குக் கொண்டுவரலாம் என்பது திட்டம். 1723இல் தெற்கே கப்பலோட்டி ஹ்வால்சே தேவாலயத்தின் கற்சுவர்களைக் கண்டார், தோண்டியும் பார்த்தார். தேடிய வடநாட்டவரின் ‘கிழக்குக் குடியிருப்பு’ தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் என்று எண்ணியதால், அதற்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது தெரியாமல் திரும்பினார். தேடியவர்கள் இல்லாததால் இருந்தவர்களுக்குப் போதிக்கத் தொடங்கினார். கடுமையான மனிதர், அங்காக்குக் எனப்படும் பூசாரிகள்மீது கைநீட்டவும் தயங்காதவர். 1733இல் கோபன்ஹேகனிலிருந்து திரும்பிய கப்பலில் அம்மை வந்து கரையோரக் குடியிருப்புகளைக் காலிசெய்தபோது, நோயாளிகளைத் தம் வீட்டிலேயே கிடத்திப் பார்த்துக்கொண்டவர்களும் அவரும் கெர்த்ரூத்தும்தான். கெர்த்ரூத் 1735இல் இறந்தார்; மறு ஆண்டு எகெடெ ஊர் திரும்பினார்.

எகெடெயின் பணி கோபன்ஹேகனில் ஒரு மிஷன் கழகத்தின் பொறுப்பில் இருந்தது. 1714இல் டென்மார்க் அரசர் அதை நிறுவியதே தரங்கம்பாடிப் பணியை மேற்பார்வை பார்க்கத்தான். சீகன்பால்கின் தரங்கம்பாடியும் எகெடெயின் கிரீன்லாந்தும் ஒரே மேசைக்குக் கணக்குக் காட்டின. மொரேவியச் சபையாரும் இரண்டு இடங்களுக்கும் வந்தார்கள்: கிரீன்லாந்துக்கு 1733இல், தரங்கம்பாடிக்கு 1760இல். தரங்கம்பாடியில் அவர்கள் நிலைக்கவில்லை. கிரீன்லாந்தில் 1900 வரை இருந்தார்கள். ஒரு வேறுபாடு முக்கியம். இங்கே பாதிரிமார் வந்து இறங்கியபோது எழுத்தும் இலக்கணமும் ஏடும் ஏற்கெனவே இருந்தன. அவர்கள் கொண்டுவந்தது அச்சு. கிரீன்லாந்தில் எழுத்தே அவர்களோடுதான் வந்தது. எகெடெயின் மகன் பவுல் சிறுவயதில் இனுவிட் பிள்ளைகளோடு விளையாடிப் பேசக் கற்றவர். அகராதி 1750இலும் புதிய ஏற்பாடு 1766இலும் அவரால் வந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, கிரீன்லாந்திலேயே பிறந்த மொரேவியர் சாமுவேல் கிளைன்ஷ்மிட் அந்த மொழிக்கு ஓர் உருப்படியான இலக்கணம் எழுதினார். 1851இல் வந்த அது இன்றுவரை மதிக்கப்படுகிறது.

வேதம் படிப்பதற்காகத்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு என்ன படிப்பார்கள், என்ன எழுதுவார்கள் என்ற கவலை அப்போது எவருக்கும் இருந்திராது, ஏனென்றால் படிக்க வேறொன்றும் இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியவர் பாதிரியாரில்லை, அரசு அதிகாரி. ஹின்ரிக் ரிங்க் தென் கிரீன்லாந்தின் நிர்வாகி, நிலவியல் படித்தவர். மிஷன்கள் அந்தச் சமூகத்தின் பழைய கட்டுக்கோப்பைக் குலைத்துவிட்டன, மொரேவியர்கள் மக்களை ஓரிடத்தில் குவித்து வேட்டையைக் கெடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் வெளிப்படையாகக் குறை சொன்னவர். ஆனாலும் அந்த மிஷன்கள் உண்டாக்கிவைத்த வாசகர்கள் இல்லாமல் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. 1858இல் அவர் கரையெங்கும் ஓர் அழைப்பு அனுப்பினார்: உங்களுக்குத் தெரிந்த கதைகளை எழுதுங்கள், படம் வரையத் தெரிந்தால் வரைந்து அனுப்புங்கள்.

வந்து சேர்ந்தவற்றில் எங்களை வியக்க வைப்பது ஆரோனின் படங்கள். எகெடெ முதலில் குடியேறிய அதே தீவுக்கூட்டத்தில் கங்கெக் என்ற ஊரைச் சேர்ந்த வேட்டைக்காரர், மொரேவியச் சபை உறுப்பினர். காசநோயில் படுத்த படுக்கையானபோது ரிங்க் தாளும் வண்ணமும் மரச்செதுக்குக்குக் கட்டைகளும் அனுப்பினார். ஆரோன் படுத்தபடியே வரைந்தார், செதுக்கினார். 1859 முதல் நான்கு தொகுதிகளாக வந்த கிரீன்லாந்துக் கதைகளில் அவருடைய செதுக்கோவியங்கள் இருக்கின்றன. அதில் ஒரு கதை, காக்கோர்த்தோக்கில் இருந்த வடநாட்டுத் தலைவன் உங்கோர்த்தோக்கை காசாப்பி என்ற இனுவிட் வீரன் விரட்டிக் கொன்று பழிதீர்ப்பது. எகெடெ தோண்டிப் பார்த்துப் புரியாமல் போன இடிபாடுகள் இருக்கும் வட்டாரம் அதுதான். அந்தக் கற்களைப் பற்றி அந்த மக்களிடம் ஒரு கதை இருந்தது. அது சரித்திரமா என்பது வேறு வழக்கு.

1861 ஜனவரியில் ரிங்கின் சின்ன அச்சகத்திலிருந்து ஓர் இதழும் கிளம்பியது. பெயர் அத்துவகக்லியுத்தித். முழுக்கக் கிரீன்லாந்து மொழி. முதல் ஆசிரியர் ராஸ்முஸ் பெர்த்தெல்சன். 1874 முதல் லார்ஸ் மோலர், அவர் 1922 வரை விடவில்லை. இருவரும் அந்த மண்ணின் மக்கள். இலவசமாகவே கொடுத்தார்கள். மூன்றாவது இதழோடு மூச்சுவாங்கும் பிழைப்பு எங்களுடையது. ஒரே மனிதர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓர் இதழை ஓட்டினார் என்று படிக்கும்போது பொறாமையை மறைக்க முடியவில்லை. அரசுப் பணம் பின்னால் இருந்தது என்று சொல்லி ஆறுதல் தேடிக்கொள்கிறோம்.

சுயெர்சாக் இந்தச் சூழலில் உருவான எழுத்தாளர். நான்கு பயணங்களும் முடிந்த பிறகு தன் நினைவுகளைத் தாய்மொழியில் எழுதினார். ரிங்க் அதை ஆங்கிலமாக்கினார்.

அந்த நூலில் நாங்கள் திரும்பத் திரும்பப் போவது ஹாலின் பயணத்துக்கு. போலாரிஸ் என்ற கப்பல். ஹால் 1871 நவம்பரில் திடீரென நோயுற்று இறந்தார் (1968இல் அவர் கல்லறையைத் திறந்தபோது உடலில் ஆர்செனிக் கிடைத்தது, யார் கொடுத்தது என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை). மறு ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி இரவு, புயலில் கப்பல் பனிக்குள் நசுங்குகிறது என்று பயந்து சாமான்களைப் பனிப்பாளத்தில் இறக்கினார்கள். பாளம் உடைந்தது. கப்பல் இருட்டில் போய்விட்டது. பாளத்தில் நின்றவர்கள் பத்தொன்பது பேர். பத்துப் பேர் கப்பலாட்கள். மீதி ஒன்பது பேர் இனுவிட்: பாஃபின் தீவைச் சேர்ந்த எபியர்பிங், அவர் மனைவி தூகூலிதோ, அவர்களுடைய வளர்ப்பு மகள், சுயெர்சாக், மனைவி மெக்கு, நான்கு பிள்ளைகள். கடைசிக் குழந்தை கப்பலில் பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பனிக்குடில்களை இனுவிட்கள் கட்டினார்கள். இருந்த இரண்டு படகுகளில் ஒன்றை மாலுமிகள் உடைத்து எரித்துவிட்டார்கள். சூரியன் இல்லாத மாதங்களில் சீலின் மூச்சுத்துளைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் காத்துநின்று குத்தியவர்கள் எபியர்பிங்கும் சுயெர்சாக்கும். அந்தக் கொழுப்பு விளக்குக்கு, அந்த இறைச்சி எல்லோருக்கும். துப்பாக்கிகள் மாலுமிகள் கையில். பசி முற்றினால் முதலில் யாரைக் கொல்வார்கள் என்ற பயம் இனுவிட் குடும்பங்களுக்கு இருந்தது. பாளம் தேய்ந்துகொண்டே தெற்கே மிதந்தது, சுமார் 2,900 கிலோமீட்டர். 1873 ஏப்ரல் 30 அன்று லாப்ரடோர் கரைக்கு அப்பால் டைக்ரெஸ் என்ற சீல் வேட்டைக் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது. ஆறரை மாதம். ஒருவரும் சாகவில்லை, கைக்குழந்தை உட்பட.

வேட்டைக்குப் போனது யார், உணவு எங்கிருந்து வந்தது என்பதைத் தலைவர்களின் நூல்கள் பின்னிணைப்புபோல் சொல்லும். சுயெர்சாக்குக்கு அதுதான் கதை. எந்த இடத்தில் என்ன கிடைத்தது, வால்ரஸா, கஸ்தூரி மாடா, யாருக்குப் பங்கு கொடுத்தது என்றே பக்கங்கள் நகர்கின்றன. முதல் வாசிப்பில் இது சலிப்பூட்டும். சாகசத்தை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்து போவார். ஆனால் கேனின் அலங்கார உரைநடையைப் படித்துவிட்டு இதற்கு வந்தால், அந்தக் கப்பல்கள் எதை நம்பி ஓடின என்று புரிகிறது.

நேர்ஸ் பயணத்தில் வேறொன்று நடந்தது. 1875–76 குளிர்காலத்தில் டிஸ்கவரி கப்பலில் மாலுமிகள் தன்னைப் பற்றிப் பேசுவதை அரைகுறையாகக் கேட்டு, தன்னைத் தண்டிக்கப் போகிறார்கள் என்று நம்பி, சுயெர்சாக் இருட்டில் தனியே வெளியேறிவிட்டார். தேடிப்பிடித்து அழைத்துவந்தார்கள். இதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேனை விட்டு அவர் பாதியில் போனதைப் ‘பெண்ணுக்காக ஓடினான்’ என்று ஒரே போடாகப் போட்டவர்களும், அவரைக் கோழை என்றோ கள்ளன் என்றோ எழுதியவர்களும், இப்படி ஒரு பயத்தோடு ஒருவன் வேலைசெய்துகொண்டிருந்தான் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த கோடையில் ஸ்கர்வி நோயில் விழுந்த மாலுமிகளுக்கு சீல் பிடித்துக்கொடுத்தவரும் இதே மனிதர்.

மிஷன்களைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுதான் உண்டு, நன்றிப்பாட்டு அல்லது வசை. கிரீன்லாந்தில் இரண்டுமே போதவில்லை. எகெடெ ஒரு மக்களின் பூசாரிகளை அடித்தார். அவர் தொடங்கிவைத்த படிப்பில், அந்த மக்களிலிருந்து ஒருவர் தன்மீது எழுதப்பட்ட பொய்க்குப் பக்கத்தில் தன் சாட்சியத்தை வைத்தார். இதில் பின்னது முன்னதற்கு ஈடாகிவிடாது. எபியர்பிங்கிடமிருந்து நமக்கு அப்படியொரு நூல் கிடைக்கவில்லை. அதே பாளத்தில் அதே வேலை செய்தவர் அவர், ஆனால் மாலுமிகள் எழுதியதில்தான் இன்று இருக்கிறார்.

போலாரிஸ் போன வழியில் இருக்கும் ஒரு சிறு பாறைத் தீவுக்கு சுயெர்சாக்கின் பெயர் உண்டு, ஹான்ஸ் தீவு. கனடாவும் டென்மார்க்கும் பல பத்தாண்டுகள் அதற்காக உரிமை கோரி, மாறி மாறிக் கொடி நட்டு, மதுப்புட்டி வைத்துவிட்டு வந்தன. 2022இல் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பெயருக்குரியவர் ஒரு நூலாசிரியர் என்பது செய்திகளில் அதிகம் அடிபடவில்லை.

அந்த நூல் தமிழில் வர வேண்டும். நூறு பக்கத்தைச் சற்றே தாண்டும், ஒரு கோடைக்குள் முடித்துவிடலாம். கேன், ஹேய்ஸ் இருவரும் அதே நாட்களைப் பற்றி எழுதியதை அடிக்குறிப்பில் கூடவே கொடுக்க முடிந்தவர் செய்தால் நல்லது. ரிங்கின் ஆங்கிலத்தை மெருகேற்ற வேண்டாம், அதன் கரடுமுரடு அப்படியே வரட்டும். முன்வருபவர்களுக்கு இதழில் தொடராக இடம் தருகிறோம். சன்மானம் தர இப்போது வசதியில்லை, பிரதிகள் அனுப்புவோம்.