பூவாடைக்காரிக்கு என்ன பேர்?

எங்கள் பங்காளிகள் கூடி வம்சாவளிப் படம் ஒன்று தயாரித்திருக்கிறார்கள். ஏழு தலைமுறை. ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்துக் குலதெய்வக் கோயில் வாசலில் கட்டியும் ஆகிவிட்டது. மூத்த பாட்டன் ஒருவரில் தொடங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, போன வருஷம் பிறந்த பையன் வரைக்கும் பேர் இருக்கிறது. பெண் பேர் ஒன்றுகூட இல்லை. பிறந்தவளும் இல்லை, வாழ வந்தவளும் இல்லை. இத்தனை பேரையும் சுமந்து பெற்றவர்களில் ஒருத்திக்கும் அதில் இடமில்லை.

பெரியப்பாவிடம் கேட்டேன். "பொண்ணுங்க வேற வீட்டுக்குப் போறவங்கம்மா. வம்சம்னா ஆம்பளை வழிதானே?" என்றார். சரி, மருமகளாக வந்தவர்கள்? இந்த வீட்டிலேயே உழைத்து, இந்த வீட்டிலேயே கண் மூடியவர்கள்தானே அவர்கள்? "அவங்க பேரெல்லாம் இப்ப யாருக்கும்மா தெரியும்?" என்றார். அவர் சாக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியாது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பது வழக்கம். சுமங்கலியாகச் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. புதுப்புடவையும் பூவும் வைத்து, பொங்கலிட்டு, அவளைக் கும்பிட்ட பிறகுதான் கல்யாண வேலையே தொடங்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அவள் எந்த ஊர்ப் பெண், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், எந்த வயதில் போனாள் என்று கேட்டால் "நம்ம வீட்டுப் பொண்ணு" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறவளுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களை எங்கே போய்த் தேடுவது?

பேர் தானாகத் தொலைந்து போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே அவள் ஆரணிக்காரி ஆனாள், போளூர்க்காரி ஆனாள். பிள்ளை பிறந்ததும் பெரியவனோட அம்மா. நிலப் பத்திரத்தில்கூட இன்னார் மனைவி. ஊருக்கு ஒரு சொல், உறவுக்கு ஒரு சொல் இருந்ததால் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போனது. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, தன் பேரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டி வந்தது. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்ததுதான். ஆனால் நம் வம்சாவளிகளைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.

கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய வெள்ளைக்காரன்கூடப் பெண்கள் பேரை எழுதி வைத்திருக்கிறான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரை சேர்ந்தது. 1911 வரை அங்கே போன ஒன்றரை லட்சம் பேரில் எங்கள் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெண்ணுக்கும் தனி எண் உண்டு. அவள் பேர், தகப்பன் பேர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் இருக்கிறது. அவள்மேல் இருந்த அக்கறையால் எழுதியதில்லை, கூலிக் கணக்குக்காக எழுதியது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற கொள்ளுப்பேத்தி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டியின் கிராமத்தைத் தேடி வர முடிகிறது. ஊரைவிட்டே போகாத என் கொள்ளுப்பாட்டிக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

எழுதத் தெரியாத குடும்பமும் இல்லை இது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்த பிறகு, நிலம் விற்கும்போதெல்லாம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். அப்போது அக்கா, தங்கை, அத்தை பேரெல்லாம் அப்பா பேர், புருஷன் பேர், வயது, கதவு எண்ணோடு பிசகில்லாமல் வந்து விழுகின்றன. பங்கை விட்டுக்கொடுக்க மட்டும் அவர்கள் பேர் வேண்டும், வம்சத்தில் வைக்க வேண்டாம். இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளில், மொய் நோட்டுகளில், கோர்ட்டுக்குப் போன பாகப்பிரிவினை வழக்குக் கட்டுகளில் சில பேர்கள் அகப்படும். எல்லாவற்றையும்விட, எண்பதைத் தாண்டிய ஆயாக்களின் ஞாபகத்தில் இருக்கிறது. போகிக்குப் பழைய காகிதத்தைக் கொளுத்துவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு ஆயாவிடம் உட்கார்ந்து அவருடைய அம்மா பேரையும், மாமியார் பேரையும், அந்த மாமியாருக்கு மாமியார் பேரையும் கேளுங்கள். பிறந்த ஊரோடு சேர்த்து எழுதி வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.