தோட்டப் பகுதி: வாடலைத் தடுக்கும் மண்

விடுமுறைக்கு ஊர் சென்று மீளும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர், புகைவண்டியில் வாழைக் கன்று ஒன்றையும் உடன் கொண்டு வருவதுண்டு. ரஸ்தாளியின் மேல் நமக்குள்ள ஆசை அத்தகையது. ஆயினும் அக்கன்றின் வேர்மண்ணில் வாடல் நோயும் சேர்ந்து பயணம் செய்யக்கூடும்.

ஃபுசேரியம் என்னும் பூஞ்சணம் வேர்வழிப் புகுந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. அடியிலைகள் மஞ்சளித்துத் தொங்கும். கிழங்கை அரிந்தால் உள்ளே செம்பழுப்பு நிறம் தோன்றும். நோயுற்ற வாழையை மருந்தால் மீட்க இயலாது. பூஞ்சண வித்துகளோ மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும்.

எனினும் எல்லா மண்ணும் இந்நோய்க்கு ஒருபடித்தாக இடங்கொடுப்பதில்லை. நடு அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் 'குரோ மிஷல்' வாழைத் தோட்டங்கள் இந்நோயால் அழிந்தன. சில நிலங்கள் விரைவிலே பாழாயின. வேறு சிலவோ நெடுங்காலம் விளைந்தன. ஸ்டாட்ஸ்கி, மார்ட்டின் ஆகிய ஆராய்ச்சியாளர் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, நோய் மெல்லப் பரவிய நிலங்களில் மாண்ட்மோரில்லனைட் வகைக் களி இருந்ததை எடுத்துக் காட்டிற்று. நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் நம் கரிசலின் களியும் அவ்வினத்ததே. அக்களி மண்ணின் புளிப்பைக் கட்டுப்படுத்திப் பாக்டீரியாக்களைப் பெருக்குகிறது. அவை பூஞ்சணத்தின் உணவில் பங்குக்கு வருகின்றன என்பர்.

காவல் செய்வது உயிர்களே என்பதற்குப் பிரான்சு நாட்டுச் சாட்டோரெனார் சான்று. அங்கு முலாம்பழக் கொடியை வாடலினின்று காத்த மண்ணைச் சூடேற்றியதும் அவ்வாற்றல் மறைந்தது; சூடேற்றாத மண்ணைச் சிறிது கலக்கவே மீண்டும் வந்தது!

ஆதலின் தொட்டி மண்ணை வறுத்துத் தூய்மை செய்வதினும், நன்கு மக்கிய எருவிட்டு அதன் உயிர்களைப் பேணுவதே மேல். ஆயினும் மண்ணின் காவலுக்கும் எல்லையுண்டு. பச்சை வாழை இனமாகிய கெவண்டிஷையும் வீழ்த்தும் வெப்பமண்டல நான்காம் இனப் பூஞ்சணம் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. அங்கு வாழும் அன்பர்கள் அன்பின் மிகுதியால் ஒரு கன்றை ஊருக்கு எடுத்துச் சென்றால், தந்தையார் தோட்டமே பழுதாகக்கூடும். கன்று வேண்டுவோர் நம்பகமான இடத்தில் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றையே வாங்குக. தோட்டத்தில் நடந்த செருப்பைக் கழுவாமல் ஊர்க் கொல்லையில் கால் வையாதிருப்போமாக.