எழுவானும் படுவானும்

ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கையும், காத்தான்குடியும் களுவாஞ்சிகுடியும் அமைந்த கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், கொக்கட்டிச்சோலையும் வவுணதீவும் அமைந்த வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும், சூரியனையே சாட்சியாக வைத்து வழங்கிய நம் முன்னோரின் மொழித்திறன் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது.

இடமும் வலமும் நாம் திரும்பியவுடன் மாறிவிடும்; சூரியன் எழும் திசையான எழுவானோ, எப்பக்கம் முகம் வைத்துத் தோணி வலித்தாலும் மாறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியினர் தம் உடலருகே உள்ள பொருளைக்கூடத் திசை கூறியே சுட்டுவதையும், அதனால் அவர்கள் சிந்தையில் திசையுணர்வு ஓயாது விழித்திருப்பதையும் மொழியியலறிஞர் ஸ்டீபன் லெவின்சன் ஆராய்ந்துரைத்தார். தமிழகத்திலேயே கிராமவாசிகள் கிழக்கு மேற்கென்றும் நகரவாசிகள் இடம் வலமென்றும் கூறும் போக்கினராயிருப்பதையும், அவ்வேற்றுமை அவர்களது ஞாபகத்திலும் பிரதிபலிப்பதையும் மொழியியலறிஞர் எரிக் பெடர்சன் கண்டார். மொழி சிந்தனைக்கு விலங்கென்று நான் கூறேன். அது நாள்தோறும் நடைபெறும் பயிற்சி.

வாவியின் குறுக்கே 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தை நொடியில் கடந்துவிடும் நம் பிள்ளைகள், கைபேசி காட்டும் இடவலத்தை மாத்திரமே அறிந்து வளர்வது எனக்குப் பெருங்கவலை தருகிறது. மட்டக்களப்புப் பாடசாலைகளில் பூமிசாஸ்திரத்தின் முதற்பாடம், விடியற்காலையில் பிள்ளைகளை வாவிக்கரையில் நிறுத்தி, எழுவான், படுவான் என்னும் இவ்விரு சொற்களையும் சொல்லிக்கொடுப்பதாக இருத்தல் வேண்டும்.