இரவல் போன இளைஞன்: பிலிப் லாமின் ஆரம்ப ஆண்டுகள்

பெரிய உதைபந்தாட்டக் கழகமொன்று தனது இளம் வீரரை வேறொரு கழகத்துக்கு இரவலாக அனுப்பினால், அவருடைய கதை முடிந்தது என்றே இரசிகர்களில் பலர் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். பத்திரிகைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. ஜேர்மனியின் பின்வரிசை வீரர் பிலிப் லாமின் ஆரம்ப ஆண்டுகளை அறிந்தவர்கள் அவ்வாறு அவசரப்படமாட்டார்கள்.

1983 நவம்பரில் மியூனிச் நகரில் பிறந்த லாம், கேர்ன் என்ற சிறிய உள்ளூர்க் கழகத்தில் விளையாடத் தொடங்கி, பதினொரு வயதில் பயேர்ண் மியூனிச்சின் இளையோர் அணியில் சேர்ந்தார். அந்த அணி 2001, 2002 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜேர்மனியின் இளையோர் சம்பியனானது. ஆனால் அவருடைய உயரமோ 170 சென்ரிமீற்றர் மாத்திரமே. பின்வரிசை வீரர் என்றால் நெடிதுயர்ந்தவராக இருக்கவேண்டும் என்று நம்பிய காலம் அது. போதாக்குறைக்கு, பயேர்ணின் இடது பக்கத்தில் லிசராசுவும் வலது பக்கத்தில் சன்யோலும் நின்றனர். இருவருமே பிரான்ஸ் தேசிய அணி வீரர்கள். 2002 நவம்பரில் லென்ஸ் கழகத்துக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதி நிமிடங்களில் லாம் மாற்று வீரராகக் களமிறங்கினார். அந்தப் பருவத்தில் பயேர்ணின் முதல் அணிக்காக ஒரு பண்டஸ்லிகா போட்டியிலேனும் அவர் ஆடவில்லை.

2003 கோடையில் ஸ்ருட்கார்ட் கழகத்துக்கு இரண்டு பருவங்களுக்கு அவர் இரவலாக அனுப்பப்பட்டார். பணவசதி குறைந்திருந்த அக்கழகம் இளைஞர்களை நம்பியே அணியை அமைத்திருந்தது. பயிற்றுவிப்பாளர் பீலிக்ஸ் மகத். வலது பக்கத்தில் அன்ட்ரியாஸ் ஹிங்கல் நிலைபெற்றிருந்தமையால், வலக்கால் ஆட்டக்காரரான லாம் இடது பக்கத்தில் நிறுத்தப்பட்டார். தேவையினால் செய்யப்பட்ட இந்த மாற்றமே அவருடைய தனி முத்திரையாகியது. எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிச்சென்று, திடீரென உள்நோக்கித் திரும்பி, வலக்காலால் உதைக்கும் வழி அவருக்குத் திறந்தது. அப்பருவத்தில் அவர் 31 பண்டஸ்லிகா போட்டிகளில் ஆடினார். 2004 பெப்ரவரியில் குரோசியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமானபோது அவருக்கு வயது இருபது. அவ்வாண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் முதற்சுற்றிலேயே ஜேர்மனி வெளியேறியபோதிலும், மூன்று ஆட்டங்களிலும் லாம் இடம்பெற்றார்.

2000ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணத்தில் 39 வயது மத்தேயஸ் உள்ளிட்ட வயதேறிய அணியுடன் சென்ற ஜேர்மனி, ஒரேயொரு புள்ளியுடன் திரும்பியிருந்தது. அந்தத் தலைகுனிவின் பின்னரே தொழில்முறைக் கழகங்கள் இளையோர் பயிற்சி நிலையங்களை நடத்துவது கட்டாயமாக்கப்பட்டது. பயிற்சி நிலையம் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கலாம். போட்டி அனுபவத்தைக் கொடுக்க அதனால் இயலாது. லாமுக்கு அதைக் கொடுத்தது ஸ்ருட்கார்ட்.

உண்மையான சோதனை 2005இல் வந்தது. ஜனவரியில் பாத எலும்பில் முறிவு. குணமாகித் திரும்பிய சில வாரங்களில், மே மாதத்தில், முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்தது. அத்துடன் ஒதுங்கிப்போன இளம் வீரர்கள் எத்தனையோ பேர். பயேர்ண் அவரைக் கைவிடவில்லை. மீள அழைத்து, ஆண்டின் இறுதிவரை காத்திருந்தது. 2006 ஜூன் 9ஆம் திகதி, பிறந்த நகரான மியூனிச்சில், கையில் காப்புக்கட்டுடன் ஆடிய லாம், கொஸ்ரா ரிக்காவுக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில் அவ்வுலகக் கிண்ணத்தின் முதல் கோலை அடித்தார். இடது பக்கத்திலிருந்து உள்ளே திரும்பி வலக்காலால் உதைத்த பந்து அது. ஸ்ருட்கார்ட்டில் கற்ற பாடத்தை உலகமே பார்த்தது.

இரவல் முறை இன்று பெருவணிகமாகிவிட்டது. பெரிய கழகங்கள் இளைஞர்களைக் களஞ்சியத்துப் பண்டங்கள் போல வாங்கிக் குவித்து, நாடு நாடாக அனுப்பியதைக் கண்டே, 2022 ஜூலை முதல் சர்வதேச இரவல்களுக்கு பீபா உச்சவரம்பு விதித்தது. 2024 ஜூலை முதல் அவ்வரம்பு ஆறு வீரர்கள். எனினும், கழகமே பயிற்றுவித்த 21 வயதுக்குட்பட்டவர்கள் இந்த எண்ணிக்கையில் அடங்கார். ஆகவே, அதிகம் பாதுகாக்கப்படவேண்டிய வயதினர் கழகங்களின் மனச்சாட்சியையே நம்பியிருக்கவேண்டியுள்ளது.

லாமின் வெற்றிக்கு மூன்று காரணங்கள் இருந்தன. அவரை விரும்பி ஏற்ற பயிற்றுவிப்பாளர் ஒருவர். ஊன்றி ஆட இரண்டு முழுப் பருவங்கள். திரும்பி வருவதற்குத் திறந்திருந்த வீட்டு வாசல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரவல் என்பது நாடுகடத்தலாகிவிடும். 2014இல் அணித்தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்திய லாமை எல்லோரும் கொண்டாடினார்கள். பத்தொன்பது வயதில் இடமின்றி நின்ற அந்தச் சிறிய உருவத்தை நம்பியவர்கள் ஒரு சிலரே. இளம் வீரரை அனுப்பும் கழகங்களும், அவரைப் பற்றித் தீர்ப்பெழுதும் நாமும் நினைவில் வைத்திருக்கவேண்டியது அந்த ஒரு சிலரையே.