பெருவிரல் உள்ளேயா, வெளியேயா?

தோழியரே, வாசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு வலது கையைப் பொத்திப் பாருங்கள். பெருவிரல் மற்ற விரல்களுக்குள்ளே ஒளிந்துகொண்டதா, வெளியே நிற்கிறதா? எங்கள் மாதர் சங்க மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கும் கராத்தே வகுப்புக்கு முதல்நாள் வந்தவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு அது உள்ளேதான் இருந்தது. அப்படிக் குத்தினால் வாங்குபவனுக்கு நோகிறதோ இல்லையோ, குத்தியவளின் பெருவிரல் முறிந்துவிடும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1934 இல் உடலின் உத்திகள் பற்றி ஓர் உரை ஆற்றினார். நடப்பது, நீந்துவது, உட்காருவது எல்லாம் பிறவியில் வருபவை அல்ல, ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுபவை என்பது அவர் வாதம். அதே உரையில், ஆண் பெருவிரலை வெளியே வைத்தும் பெண் உள்ளே வைத்தும் கை பொத்துகிறார்கள் என்கிறார். பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப்படாதது காரணமாக இருக்கலாம், ஆனால் சொல்லிக்கொடுத்தாலும் அவளுக்குக் கடினமாகத்தான் இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது கண்ணை மூடிக்கொண்டு குறிப்பெடுத்தோம். எங்கள் மண்டபத்தில் பெருவிரலை வெளியே எடுக்கப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. கடினம் வேறு இடத்தில் இருந்தது. பொத்திய கையை முன்னால் நீட்டி ஒன்றை அடிப்பதற்குத்தான் பெண்களுக்குக் கூச்சம். பலகையைத் தொட்டுவிட்டு “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் மூன்று வாரமும் இந்தச் சிரிப்போடுதான் போயின.

பலகை என்றேனே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவில் கையைப் பழக்குவதற்கென்று முற்றத்தில் ஒரு பலகையை நட்டுவைப்பார்கள். ஏறக்குறைய ஏழு அடி நீளம். அடிப்பகுதி மண்ணுக்குள் இறுகியிருக்கும். மேலே போகப் போக மெலிந்து, நெஞ்சு உயரத்தில் வைக்கோல் கயிறு சுற்றியிருக்கும். மக்கிவாரா என்று பெயர். மெலிந்த பலகையானதால் குத்தும்போது வளைந்து திரும்பும். அந்த வளைவுதான் மணிக்கட்டைக் காப்பாற்றுகிறது. சுவர் வளையாது.

1922 இல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைப் பரப்பிய கிச்சின் புனாகோஷி ஒக்கினாவாவில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கொஞ்சச் சம்பளத்தில் பெரிய குடும்பத்தைச் சமாளித்தது அவர் மனைவி. உடம்பு களைத்துப்போன நாட்களில் அந்தப் பெண்மணி சாய்ந்து படுக்காமல், வெளியே போய்க் கராத்தே பயிற்சி செய்வாராம். புனாகோஷியே தன் வாழ்க்கைக் கதையில் இதை எழுதியிருக்கிறார். கராத்தே வரலாறு பேசும் ஆண்கள் இவரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது என்னுடைய நெடுநாள் குறை.

கை ‘உரமேறுவது’ என்றால் மொழிகளில் தோல் கறுத்துத் தடிப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். தோல் மேல்பூச்சுத்தான். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது என்று யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1892 இல் எழுதினார். அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை, அவசரப்படுத்தினால் உரம் ஏறாது, வெடிப்புத்தான் வரும். சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள் இரண்டும்தான் பலகையில் பட வேண்டும், மணிக்கட்டு கோணக்கூடாது. சின்னவிரல் பக்கம் பட்டால் அதன் கீழுள்ள எலும்பு முறியும். வைத்தியர்கள் அதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு கைக்கு இருபது குத்து, அதுவும் மெதுவாக. தோல் உரிந்தால் அன்றைக்கு அத்தோடு சரி.

பிள்ளைகளைக் கராத்தேக்கு அனுப்பும் தாய்மாருக்கு ஒன்று. நான் பார்த்த ஒரு வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சீமெந்துச் சுவரில் குத்தவிட்டார்கள். வளரும் வயதில் எலும்பு நுனியில் குருத்து இருக்கும். அது நசுங்கினால் விரல் கோணலாக வளரக்கூடும். அந்த வயதுக்குக் காற்றில் குத்திப் பழகுவதே போதும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பலகை வேண்டாம், சின்னக் காயமும் ஆறாமல் கிடக்கும்.

எங்கள் பலகைக்கு வைக்கோல் கயிறு கிடைக்கவில்லை. தும்புக் கயிறுதான் சுற்றினோம். அதைத் திரித்துத் தந்த அக்காவின் மகள் எங்கள் வகுப்பில் படிக்கிறாள். பத்தொன்பது வயது. வேலை முடிந்து இருட்டில் பஸ்ஸால் இறங்கி ஒரு மைல் நடந்து வருகிறவள். இரண்டு மாதத்தில் அவள் மொழிகள் கறுக்கத் தொடங்கியதும் தாய் என்னைத் தேடி வந்துவிட்டார்.

“தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளையின்ர கை இப்பிடி மரக்கட்டை மாதிரிப் போனா ஆர் வந்து கலியாணம் செய்வான்? நீங்கள் பொறுப்பெடுப்பியளோ?”

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகப் பொச்சுமட்டை அடித்து, தும்பு திரித்த கை. உள்ளங்கை முழுவதும் காய்ப்பு, விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. உழைத்துக் காய்த்த கையைப் பற்றி இந்தச் சமூகத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. தன்னைக் காக்கக் காய்த்தால் மட்டும் மாப்பிள்ளை கிடைக்க மாட்டானாம். இதை அவரிடம் பிரசங்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்ற அவர் பயம் கற்பனை அல்லவே.

எங்கள் மாஸ்டர் ஒரு பெண், பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. “அக்கா, கறுக்காமலே செய்யலாம்” என்றார். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் சதைப்பற்றான இடத்தால் அடிக்கும் முறை இருக்கிறது. விரல் முறியாது, மொழி உரியாது. மூக்கிலும் நாடியிலும் பட்டால் எவனும் ஒரு கணம் தடுமாறுவான், அந்தக் கணம் ஓடுவதற்கு. புதிதாகப் பழகும் பெண்களுக்குப் பொத்திய கையைவிட இதுவே நல்லது என்பது என் கருத்தும்.

வேலை அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்குள் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணுக்கு நான் பலகையைக் காட்டுவதில்லை. திருப்பி அடித்தால் அந்த இரவு இன்னும் மோசமாகலாம். அவளுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். பஸ்ஸில் கை வைப்பவனுக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் இருட்டு ஒழுங்கையில் ஒருத்தியின் கையைப் பிடிக்கும்போது சட்டம் வந்துசேர நேரமாகும். வகுப்பு அந்த இடைவெளிக்குத்தான்.

அன்றைக்கு மாஸ்டர் விடவில்லை, அந்த அக்காவையே பலகைக்கு முன்னால் நிறுத்தினார். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வெட்கப்பட்டு, பிறகு உள்ளங்கையால் ஒன்று வைத்தார். பலகை அடிவரை ஆடியது. பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

“கயிறு இளகிப் போச்சு. இறுக்கித் திரிச்சு வேற தாறன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் தொடர்ந்து வருகிறாள். இரவில் கைக்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும் என்பது தாயின் நிபந்தனை.