படுக்கை இருக்கு... வீடு இல்லை!

ஓசூரில் மூன்று பாஷை தெரிந்தால் பிழைத்துக் கொள்ளலாம் என்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம். தப்பு. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டு-லெட் பாஷை.

இந்த பாஷையில் 'சின்ன ஃபேமிலி' என்றால் அப்பா, அம்மா, ஒரு குழந்தை. அதுவும் அழாத குழந்தை. 'தண்ணீர்ப் பிரச்னை இல்லை' என்றால் வீட்டுக்காரருக்குப் பிரச்னை இல்லை. 'பஸ் ஸ்டாண்டுக்கு ரொம்பப் பக்கம்' என்றால் ஜூஜூவாடி. 'பேச்சிலர்ஸ் நாட் அலவ்டு' என்பதற்கு மட்டும் அகராதி தேவையில்லை.

இங்கே வேலை கொடுப்பவர்கள் பேச்சிலராகப் பார்த்து எடுக்கிறார்கள். வீடு கொடுப்பவர்கள் ஃபேமிலியாகப் பார்த்து எடுக்கிறார்கள். கல்யாணம் பண்ண வேண்டுமானால் பெண் வீட்டில் "தங்க வீடு இருக்கா?" என்கிறார்கள். வீடு பிடிக்கப் போனால் "கல்யாணம் ஆச்சா?" என்கிறார்கள். நடுவில் ஒருத்தன் ஹெல்மெட்டோடு நிற்கிறான்.

சிப்காட் கம்பெனி இன்டர்வியூவாவது பத்து நிமிஷத்தில் முடியும். வீட்டுக்காரர் இன்டர்வியூ அப்படியல்ல.

"எந்த ஊருப்பா?"

"ஊத்தங்கரைப் பக்கம் சார்."

"வேலை பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

(இதைக் கம்பெனியே அவனுக்கு இன்னும் சொல்லவில்லை!)

"கவுச்சி சமைப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார்..."

"அது இருக்கட்டும். நீங்க என்ன ஆளுங்க?"

கடைசிக் கேள்வியை ரொம்ப மெதுவாகத்தான் கேட்பார்கள். என்ன பதில் சொன்னாலும் ஏதாவது ஒரு தெருவில் அதற்குக் கதவு சாத்தும்.

இத்தனையும் தாண்டினான் என் நண்பன். சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். அப்பா இறந்து ஒரு வருஷம். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். துணைக்கு மணி. ஐந்து வயசு நாட்டு நாய். இருவரையும் ஓசூருக்கே கூட்டி வந்துவிடலாம் என்று பாகலூர் ரோடு, தளி ரோடு, ராயக்கோட்டை ரோடு எல்லாம் அலைந்தான். பன்னிரண்டாவது வீட்டில் எல்லாம் ஒத்துவந்தது. வாடகை சரி, அட்வான்ஸ் சரி, ஆளும் சரி. கேட்டைச் சாத்தும்போது, "சார், ஒரு நாய் இருக்கு" என்றான்.

"அம்மா வரட்டும்ப்பா. நாய் வேணாம்."

போனில் அம்மாவிடம் சொன்னான். அம்மா யோசிக்கவே இல்லை. "அப்பா போனதுலேர்ந்து ராத்திரி வாசல்ல படுக்கிறது அவன்தான். அவனை ரோட்டுல வுட்டுட்டு நான் எங்கடா வர்றது?"

ஆக, அம்மா அங்கே. பையன் இங்கே, ஆறு பேர் தங்கும் ரூமில் ஜன்னலோரப் படுக்கை. போன மழைக்கு அம்மா வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டபோது, ஷிஃப்ட் முடிந்து இவன் போய்ச் சேர ராத்திரி பதினோரு மணி. அதுவரை பக்கத்தில் இருந்தது மணி மட்டும்தான்.

வீட்டுக்காரரைத் திட்டுவது சுலபம். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பேங்க் லோனில் மாடி கட்டியிருப்பார். முன்னால் இருந்தவன் மூன்று மாச வாடகை பாக்கியோடு ராத்திரியே காலி செய்திருப்பான். அதற்கு முன்னால் இருந்தவருடைய நாய் தேக்குக் கதவைக் கடித்திருக்கும். கதவின் விலை அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு கதவுக்காக ஊரில் உள்ள அத்தனை நாய்களுக்கும் தண்டனை என்பது கொஞ்சம் அதிகம் சார்! தேய்பிறை அஷ்டமியானால் அதியமான்கோட்டை காலபைரவரைக் கும்பிட வண்டி கட்டிக்கொண்டு போகிற சீமை இது. பைரவருக்கு நெய் விளக்கு. பைரவர் வாகனத்துக்கு நோ என்ட்ரி!

ஓசூர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மத்திகிரிப் பக்கம் உள்ள கால்நடைப் பண்ணை 1824-ல் வெள்ளைக்காரன் ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பித்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் குதிரைக்கு இடம் கிடைத்தது. வாடகை ரசீது கேட்டதாகத் தகவல் இல்லை.

குதிரை போகட்டும். 1980-களில் டைட்டன் வாட்ச் கம்பெனி இங்கே வந்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கூடம் முடித்த பையன்களையும் பெண்களையும் வேலைக்கு எடுத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயசு. ஊரை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவர்கள். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததோடு, கூடவே இருந்து கவனித்துக்கொள்ள 'வளர்ப்புப் பெற்றோர்' மாதிரி பெரியவர்களையும் ஏற்பாடு செய்தார்கள். சாப்பிட்டாயா, ஏன் லேட்டு, ஏன் முகம் வாடியிருக்கு என்று கேட்க ஓர் ஆள். சின்ன விஷயம்தான். ஆனால் அது இருந்தால்தான் நாலு சுவர் வீடாகிறது.

இப்போது அப்படியே ஹைவேயில் கிழக்கே போய் ஸ்ரீபெரும்புதூரில் இறங்குங்கள். ஓசூர் வழியாக பெங்களூர் போகிற அதே சாலைதான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில். விடுதிகளில் ஒரே அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்திருந்த கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஹைவேயில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. சப்ளையர் தரம் சரியில்லை என்று ஆப்பிள் அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள்.

2024 ஆகஸ்ட் 17. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பிரமாண்டமான குடியிருப்பை முதல்வர் திறந்து வைத்தார். 706 கோடியே 50 லட்ச ரூபாய். 18,720 பெண்கள் தங்கலாம். பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். ஒரு படுக்கைக்குச் சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். தனித்தனியாக "ரூம்ல ஃபேன் ஓடலை சார்" என்று வார்டனிடம் முனகியிருந்தால் இதில் ஒரு தலையணை வந்திருக்குமா?

நல்ல காரியம். மறுப்பதற்கில்லை. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டிலும் தொழிலாளர்களுக்கு டார்மிட்டரி மாதிரி வாடகை இருப்பிடம் என்று அறிவித்தார்கள். ஆனால் கவனியுங்கள்... எல்லாக் கணக்கும் படுக்கையில்தான் போடுகிறார்கள். படுக்கை ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு. அவனுடைய அம்மா எந்தப் படுக்கையில்? மணி எந்த மூலையில்? மெஷினை ஓட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால், ஆள் தனியாக வருவதில்லை சார். குடும்பத்தோடுதான் வருவான். சிப்காட்டில் அடுத்த கட்டடம் கட்டும்போது ஒரு தளமாவது சின்னச் சின்னக் குடும்ப வீடுகள் என்று கேட்டால் என்ன?

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் 2017-ல் வந்து, 2019 பிப்ரவரியில் அமலானது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், பதிவு செய்ய வேண்டும். சண்டை என்றால் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால், 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய' என்று ஒரு வால் இருக்கிறது. அத்திபள்ளி தாண்டினால் பெங்களூரின் பத்து மாச அட்வான்ஸ் பழக்கம். அந்தக் காற்று இந்தப் பக்கமும் அடிக்கிறது. தனியாகப் போகிறவன் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். வேறு வழி?

நாய் விஷயத்திலும் அப்படியே. 1962-ல் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் ஆரம்பமான பிராணிகள் நல வாரியம், 2015-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அபார்ட்மென்ட் சங்கம் மெஜாரிட்டி ஓட்டுப் போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்யக் கூடாது என்று. ஆனால் அது சங்கத்துக்கு. தனி வீட்டுக்காரரிடம் அதை நீட்டினால், நாயோடு சேர்த்து நம்மையும் அனுப்பி விடுவார். அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சர்ட்டிபிகேட் காட்டுகிறோம், கதவைக் கடித்தால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதலாம். ஒரு கம்பெனி ஆட்கள் ஐம்பது பேர் சேர்ந்து கவுன்சிலரையும் கூட வைத்துக்கொண்டு இதையே கேட்டால், தெருவுக்கு நாலு வீடாவது திறக்கும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சேர்ந்து கேட்கத் தெரியாதா என்ன? 2023 பிப்ரவரியில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதம் என்று கோபசந்திரத்தில் இதே ஹைவேயைத்தான் ஸ்தம்பிக்க வைத்தார்கள். நான் ரோட்டை மறிக்கச் சொல்லவில்லை. மறித்தால் நைட் ஷிஃப்ட் பஸ் லேட்டாகும். எருதுக்காக ஒரு ஊரே கூடுமென்றால், அம்மாவுக்கும் நாய்க்கும் ஒரு வீடு கேட்டு ஒரு டீக்கடை பெஞ்ச் அளவாவது கூடலாமே என்கிறேன்.

"தர்மர் தனியாகக் கேட்டு ஜெயிக்கவில்லையா? நாய் இல்லாமல் சொர்க்கமே வேண்டாம் என்று இந்திரனிடமே சொன்னாரே!" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அந்த நாய், வேஷம் போட்டு வந்த தர்மதேவன். கூட சிபாரிசு இருந்தது. நம்ம மணி வெறும் மணி. அதனால் நாம்தான் கூட்டமாகப் போக வேண்டும்.