நிகேயாவைப் பற்றி நாம் பரப்பும் பொய்

கி.பி. 325இல் நிகேயாவில் கூடிய பிஷப்புகள் வாக்கெடுப்பு நடத்தி நான்கு சுவிசேஷங்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை எரித்தார்கள் என்று நம் பயான் மேடைகளில் சொல்லப்படுகிறது. நாமும் சொல்லியிருக்கிறோம். அது உண்மையன்று. அச்சபை இயற்றிய 20 விதிகளில் வேதநூல்களின் பட்டியலே கிடையாது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே அடங்கிய பட்டியல், அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில்தான் முதன்முதலாகக் காணக்கிடைக்கிறது.

ஆரியுஸை ஏகத்துவவாதியாகக் கொண்டாடுவதும் அவ்வாறே. மகன் படைக்கப்பட்டவர் என்றார் அவர், மெய்தான். ஆனால் அந்த மகன் வழியாகவே உலகம் படைக்கப்பட்டது என்றும் சொன்னார். இதுவா தவ்ஹீத்?

உண்மை நம் கையில் இருக்கும்போது பொய்யைத் துணைக்கு அழைப்பானேன்? அத்தனாசியுஸின் வாழ்க்கையையே பாருங்கள். மகனும் தந்தையும் ஒரே சாராம்சம் என்ற நிகேயாவின் கோட்பாட்டுக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர் அவர். அச்சொல் வேதத்தில் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்; பொருள் இருக்கிறது என்றே வாதாடினார். 335இல் தீர் நகரில் கூடிய பிஷப்புகளே அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். நான்கு பேரரசர்கள் காலத்தில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். நிகேயாவைக் கூட்டிய கான்ஸ்டன்டைனுக்கு 337இல் ஞானஸ்நானம் கொடுத்தவரோ ஆரியுஸின் ஆதரவாளரான நிகோமேதியாவின் யூசேபியுஸ். 359இல் அரிமினத்திலும் செலூக்கியாவிலும் கூடிய சபைகள், 'சாராம்சம்' என்ற சொல்லையே விலக்கிய அறிக்கைக்கு அரச நெருக்கடியால் பணிந்தன. 381இல்தான் நிகேயாவின் தரப்பு வென்றது.

'உங்கள் கலீஃபாக்களும் கொள்கையைத் திணிக்கவில்லையா?' என்று கிறித்தவ நண்பர் திருப்பிக் கேட்பார். கேட்கட்டும். 833இல் மஃமூன் தொடங்கிய விசாரணையில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறைப்பட்டார். பின்னர் கசையடியும் பட்டார். மறைக்க வேண்டியதில்லை. அரசர் தலையிட்டார் என்பதன்று நம் வாதம். பாக்தாதில் எழுந்தது அல்லாஹ்வின் பேச்சு படைக்கப்பட்டதா என்ற சர்ச்சை. வணக்கத்திற்குரியவன் யார் என்பதில் அங்கே இருதரப்பாருக்கும் ஐயம் இருந்ததில்லை. நான்காம் நூற்றாண்டின் பிஷப்புகள் மோதியதோ, தாங்கள் பிரார்த்தனையில் அழைக்கும் மகன் படைத்தவனா, படைப்பா என்பதில். ஈஸா (அலை) அவர்கள் அதைத் தெளிவாகப் போதித்துச் சென்றிருந்தால், நிகேயாவுக்குப் பிறகும் அரை நூற்றாண்டு அவர்கள் ஏன் சண்டையிட்டார்கள்?